குறை சொன்னவர் படம் எடுத்தார்!

மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

ஆசை ஆசையாகச் சேர்த்த இசைத் தட்டுகள் விலைக்குப் போயின. ஓவியப் புத்தகங்களும் போயின. ஆயுள் இன்சூரன்சு பாலிசியின் பேரில் கடன் வாங்கியாகி விட்டது.

குடியா? சூதா? இரண்டும் இல்லை. ஒரு சினிமாப் படம்!

அந்தப் படத்தில் காதல் இல்லை. டூயட் பாட்டு இல்லை. கத்திச் சண்டை இல்லை. ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்தின் கதை, அவ்வளவுதான்.

படத்தை எடுத்தவர் அதற்கு முன் ஒரு படம் கூட டைரக்டு செய்தது இல்லை. கேமராவைப் பிடித்தவர் 21 வயது இளைஞர். அவர் அதற்கு முன் சினிமாக் கேமராவை இயக்கியதே இல்லை.

இப்படி ஒரு படத்துக்காக வீட்டில் இருந்ததை எல்லாம் வைத்து ஆடிய அந்த மனிதர் யார்?

அவர்தான் வங்காளத்தின் சத்யஜித் ரே.

படம் எடுத்தார், படத்துக்கு இசை அமைத்தார், படக் கலையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். மூன்று துறையிலும் பேர் வாங்கினார். ஆனால் அவர் முதலில் செய்த வேலை எது தெரியுமா? குறை சொன்னது!

தந்தை இல்லாத பிள்ளை

சத்யஜித் ரே 1921-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார்.

தாத்தா உபேந்திர கிஷோர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். படம் வரைவார், பிடில் வாசிப்பார். சொந்தமாக அச்சகம் வைத்து இருந்தார். 1913-ம் ஆண்டு "சந்தேஷ்" என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார்.

தந்தை சுகுமார் ரே, வேடிக்கைப் பாட்டு எழுதுவதில் மன்னர். வங்காளத்துக் குழந்தைகள் அவருடைய பாட்டைச் சொல்லித்தான் வளர்கிறார்கள்.

ஆனால் மகனுக்குத் தந்தையின் முகம் கூட நன்றாக நினைவு இல்லை. சுகுமார் ரே 1923-ல் இறந்து விட்டார். அப்போது சத்யஜித்துக்கு வயது 2.

அச்சகம் நொடித்தது. இருந்த வீடும் போயிற்று. தாய் சுப்ரபா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் சகோதரர் வீட்டுக்குப் போனார்.

அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. விதவைகளுக்கான பள்ளி ஒன்றில் கைவேலை கற்றுக் கொடுக்கப் போனார். அந்தச் சம்பளத்தில் மகனைப் படிக்க வைத்தார்.

மகன் பட்டம் பெற்றதும், "நீ சாந்திநிகேதனுக்குப் போ. ஓவியம் கற்றுக்கொள்" என்று சொன்னவரும் தாய்தான். அந்தக் கலைக்கூடம் மகாகவி தாகூர் நிறுவியது. 1940-ல் ரே அங்கே போய்ச் சேர்ந்தார். நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகிய பெரிய ஓவியர்கள் அவருக்குப் பாடம் சொன்னார்கள்.

ஒரு மரத்தை வரைவதற்கு முன், அந்த மரத்தை உற்றுப் பார்க்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் அங்கேதான் வந்தது.

படிப்பை முழுவதும் முடிக்காமலே 1942-ல் அவர் கல்கத்தா திரும்பினார்.

மாதம் 80 ரூபாய்

1943-ல் ஒரு வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்குப் படம் போடும் வேலை. மாதச் சம்பளம் ரூ.80.

சம்பளம் வந்ததும் இசைத் தட்டு வாங்குவார். மேல்நாட்டு இசை மேதைகளான பீத்தோவன், மொசார்ட் ஆகியோரின் இசை என்றால் அவருக்கு உயிர்.

அதைக் காதால் கேட்டதோடு நிற்கவில்லை. அந்த இசையின் சுரக் குறிப்புப் புத்தகங்களையும் தேடி வாங்கினார். இசைத் தட்டு சுழலும். அவர் கையில் புத்தகம் இருக்கும். எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார்.

சொல்லித் தர வாத்தியார் இல்லை. தானே கற்றுக்கொண்டார்.

இருட்டில் எழுதிய குறிப்பு

சினிமாவையும் அவர் இப்படித்தான் படித்தார்.

மற்றவர்கள் கொட்டகைக்குப் போவது பொழுதைப் போக்க. ரே போகும்போது சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம் இருக்கும். கேமரா எங்கே இருந்து பார்க்கிறது, ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்த காட்சி எங்கே தொடங்குகிறது என்று இருட்டிலேயே குறித்துக்கொள்வார்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. ஏதாவது ஒரு நாவலைப் படமாக எடுக்கப் போவதாக விளம்பரம் வரும். உடனே ரே அந்த நாவலுக்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி வைப்பார். படம் வந்ததும் போய்ப் பார்ப்பார். அவர்கள் செய்தது எப்படி, தான் எழுதியது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்.

கூலி தராத வேலை இது. பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்ததும் இதுதான்.

1947-ல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். உலகத்தின் நல்ல படங்களை வரவழைத்துப் பார்ப்பது, பார்த்த பின் அதைப் பற்றிப் பேசுவது - இதுதான் சங்கத்தின் வேலை.

ஒரு கட்டுரை

1948-ம் ஆண்டு. ரேக்கு வயது 27. கல்கத்தாவின் பெரிய ஆங்கிலப் பத்திரிகையான "ஸ்டேட்ஸ்மன்" ஏட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியப் படங்களில் என்ன கோளாறு என்பதுதான் விஷயம்.

நம் படக்காரர்கள் அமெரிக்கப் படத்தின் பளபளப்பைக் காப்பி அடிக்கிறார்கள் என்றார். பாட்டையும் ஆர்ப்பாட்டத்தையும் அள்ளிக் கொட்டுகிறார்கள் என்றார். சினிமா என்பது தனி ஒரு கலை. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. அதை யாரும் நினைப்பதே இல்லை என்றார். படத்துக்கு வேண்டிய சரக்கு நம்மைச் சுற்றியுள்ள வாழ்க்கையிலேயே கிடக்கிறது. அதைப் பார்க்கக் கண்ணும், கேட்கக் காதும்தான் வேண்டும் என்பது அவர் வாதம்.

நல்ல கட்டுரைதான். ஆனால் எழுதியவர் யார்? ஒரு படம் கூட எடுக்காத விளம்பரக் கம்பெனி ஓவியர்!

ஊரைக் குறை சொல்வது எளிது. "நீ செய்து காட்டு பார்க்கலாம்" என்று ஊர் திருப்பிக் கேட்டால்?

கரையில் நின்று நீச்சலைப் பற்றிப் பேசியவர், இனி ஆற்றில் இறங்கியாக வேண்டும்.

மாடு தின்ற பூ!

விபூதி பூஷண் பந்தோபாத்யாயா எழுதிய "பதேர் பாஞ்சாலி" என்ற நாவலை ரே நன்றாக அறிவார். அந்தக் கதையின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டவரே அவர்தான். அபு என்ற சிறுவன், அவன் அக்காள் துர்கா, ஏழைத் தாய் தந்தை, கூன் விழுந்த ஒரு பாட்டி - இவர்களின் கதை அது.

1950-ல் கம்பெனி வேலையாக லண்டன் போனார். அங்கே இருந்த சில மாதங்களில் ஏறக்குறைய 100 படங்கள் பார்த்தார். அவற்றில் ஒன்று "சைக்கிள் திருடர்கள்" என்ற இத்தாலியப் படம். தொழில் நடிகர்கள் இல்லை. அரங்கம் போடாமல் தெருவிலேயே எடுத்து இருந்தார்கள். "இப்படியும் எடுக்கலாம்!" என்ற துணிவு பிறந்தது. கப்பலில் திரும்பி வரும்போதே "பதேர் பாஞ்சாலி"க்குக் குறிப்பு எழுதத் தொடங்கி விட்டார்.

காட்சிகளை எல்லாம் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு முதலாளிகளிடம் போனார். ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். பாட்டும் நடனமும் இல்லாத படத்துக்குப் பணம் போட யாரும் முன்வரவில்லை.

கடன் வாங்கிய பணத்தில், 1952 அக்டோபர் கடைசியில் படப்பிடிப்பு தொடங்கியது. வேலையை விட முடியாது. விட்டால் சோறு இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமையில்தான் படப்பிடிப்பு!

முதலில் எடுத்தது, நாணல் பூத்த வெளியில் அபுவும் துர்காவும் அலையும் காட்சி. வெள்ளை வெளேர் என்று கண்ணுக்கு எட்டிய மட்டும் பூ.

அபுவாக நடித்த பையன் சுபீர், சொன்னபடி விறைப்பாக நடந்தான். வழி தேடிப் போகிற பையன் அப்படியா நடப்பான்? ரே ஒரு யுக்தி செய்தார். வழியில் குச்சிகளைப் போட்டு வைத்தார். பூவுக்குள் ஆட்களை ஒளித்து வைத்து, இங்கும் அங்கும் இருந்து பையனைக் கூப்பிடச் சொன்னார். பையன் திரும்பினான், தயங்கினான், குச்சியைத் தாண்டினான். காட்சிக்கு உயிர் வந்து விட்டது!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். பூவைக் காணோம்! இடையில் வந்த மாடுகள் அத்தனையையும் மேய்ந்து விட்டன.

மறுபடியும் பூ பூக்க ஓர் ஆண்டு ஆகும். ரே காத்து இருந்தார். காட்சியை அடுத்த பருவத்தில்தான் எடுத்து முடித்தார்.

வேறு இடத்தில் வேறு பூவை வைத்து ஒப்பேற்றி இருக்கலாம். ஆனால் ஒப்பேற்றுவதைக் குறை சொல்லிக் கட்டுரை எழுதியவர் ஆயிற்றே! அவர் எப்படி அதையே செய்வார்?

நகை போயிற்று

பணம் தீர்ந்தது. மனைவி விஜயா தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் தீர்ந்தது. படப்பிடிப்பு நின்றது. மாதக்கணக்கில் நின்றது.

ரேயின் கவலை பணம் மட்டும் அல்ல. அபுவின் குரல் உடைந்து விடக் கூடாது. துர்கா வளர்ந்து பெரிய பெண் ஆகி விடக் கூடாது. பாட்டியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது சுமார் 80. அவர் இறந்து விடக் கூடாது. மூன்றில் ஒன்று நடந்தாலும் அதுவரை எடுத்தது அத்தனையும் வீண்.

மூன்றும் நடக்கவில்லை. இதை அதிசயம் என்றே ரே பிற்காலத்தில் சொன்னார்.

கடைசியில் வழி காட்டியவர் மறுபடியும் தாய்தான். அவருக்குத் தெரிந்த ஓர் அம்மையார் மூலம் விஷயம் முதல்-மந்திரி பி.சி.ராயின் காதுக்குப் போனது. மேற்கு வங்காள அரசாங்கம் பணம் கொடுக்க முன்வந்தது.

"பதேர் பாஞ்சாலி" என்றால் "பாதையின் பாட்டு" என்று பொருள். பெயரில் பாதை இருந்ததால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் பணம் எழுதப்பட்டது என்பது வங்காளத்தில் பிரசித்தமான கதை.

ஓர் இரவில் இசை

படத்துக்கு இசை அமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர். கச்சேரிகளுக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டு இருந்தவர் அவர். முழுப் படத்தையும் பார்க்க நேரம் இல்லை. பாதிப் படத்தைப் பார்த்தார். ஒரே இரவில், சுமார் 11 மணி நேரத்தில், இசைப் பதிவு நடந்தது.

நேரம் போதாமல் சில இடங்கள் விட்டுப் போயின. அவற்றில் சிலவற்றுக்குச் சிதார் வாசித்தவர் யார் தெரியுமா? கேமராக்காரர் சுப்ரதோ மித்ரா!

அந்தப் படத்தில் ஒரு காட்சி. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெளியூர் போன தந்தை பல நாள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்து போனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். "இது துர்காவுக்கு" என்று ஒரு சேலையை நீட்டுகிறார். அதுவரை கல்லாக இருந்த தாய், அந்தச் சேலையைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள்.

வாய் திறக்கிறது. ஆனால் அழுகைச் சத்தம் கேட்கவில்லை!

அதற்குப் பதில் ஒரு வாத்தியம் உச்ச சுரத்தில் வீறிடுகிறது. அது தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம். வில் போட்டு வாசிப்பது.

நடிகை அழுத குரலை அப்படியே கேட்க விட்டு இருந்தால், "பாவம், அந்த அம்மாள் அழுகிறாள்" என்று நினைப்போம். குரலை எடுத்து விட்டதால், அழுகை அந்த ஒரு வீட்டைத் தாண்டிப் போயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த எல்லாத் தாயின் குரலும் அதில் கேட்டது.

கண்ணால் பார்ப்பது ஒன்று, காதால் கேட்பது வேறொன்று. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொருளைத் தர வேண்டும். சினிமாவின் தனி இலக்கணம் என்று 1948-ல் ரே எதைச் சொன்னாரோ, அதற்கு இந்தக் காட்சியே சாட்சி.

ஓவியர் கண், இசைப் பித்தரின் காது, கட்டுரைக்காரரின் புத்தி - மூன்றும் அங்கே ஒன்றாகக் கூடின.

படம் 1955 மே மாதம் நியூயார்க் நகரில் முதலில் காட்டப்பட்டது. ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தாவில் வெளிவந்தது. தொடக்கத்தில் கூட்டம் இல்லை. பார்த்தவர்கள் போய்ச் சொல்லச் சொல்லக் கூட்டம் பெருகியது. 1956-ல் பிரான்சு நாட்டின் கான் நகரத்துத் திரைப்பட விழாவில், சிறந்த மனிதப் பதிவு என்ற பரிசு கிடைத்தது. அபு கதையின் இரண்டாம் பாகமான "அபராஜிதோ" 1957-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது.

குறை சொன்னவர் செய்து காட்டி விட்டார்!

ஏன் தானே இசை அமைத்தார்?

முதல் படங்களுக்கு ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் ஆகிய பெரிய வித்வான்கள் இசை அமைத்தார்கள். நாடே வணங்கும் மேதைகள் அவர்கள்.

அப்படி இருந்தும், 1961-ல் எடுத்த "தீன் கன்யா" படம் முதல் ரே தானே இசை அமைக்கத் தொடங்கினார். ஏன்?

பெரிய வித்வானுக்கு ராகம்தான் முதல். ஒரு ராகத்தை விரித்துப் பாட அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். சினிமாக் காட்சியோ அரை நிமிடத்தில் முடிந்து விடும். அந்த அரை நிமிடத்துக்கு எவ்வளவு இசை வேண்டுமோ, அவ்வளவுதான் இருக்க வேண்டும். மிகுந்தால் படம் கெடும். வித்வான்கள் கச்சேரிப் பயணம் போய் விடுவதும் இடைஞ்சலாக இருந்தது.

மேலும், படத்தை எழுதும்போதே ரேயின் மனத்தில் இசையும் ஓடும். அதை இன்னொருவருக்கு விளக்குவதைவிடத் தானே செய்வது மேல் என்று அவருக்குப் பட்டது.

1964-ல் வந்த "சாருலதா" படத்தைப் பாருங்கள். பெரிய மாளிகையில் துணை இல்லாமல் இருக்கும் ஒரு மனைவியின் கதை. முதல் சில நிமிடங்களில் பேச்சே அநேகமாக இல்லை. அவள் அறை அறையாக நடக்கிறாள். சன்னல் சன்னலாக ஓடி, சின்னத் தொலைநோக்கி வைத்துத் தெருவைப் பார்க்கிறாள். அவளுடைய தனிமை நமக்குப் புரிந்து விடுகிறது. தாகூரின் பாட்டு மெட்டுகளில் இருந்து அந்தப் படத்துக்கு இசையை உருவாக்கினார் ரே.

பேய் ஆடியது, மிருதங்கம் பேசியது!

"அப்பா, குழந்தைகளுக்கு ஒரு படம் எடுங்கள்" என்று மகன் சந்தீப் கேட்டான். அப்பா தன் தாத்தாவின் கதை ஒன்றைத் தேர்ந்து எடுத்தார். அதுதான் 1969-ல் வந்த "கூபி காயன் பாகா பாயன்".

சுருதி சேராத பாட்டுக்காரன் ஒருவன். தாளம் சேராத மத்தளக்காரன் ஒருவன். ஊர் இருவரையும் விரட்டுகிறது. காட்டில் பேய் அரசன் வரம் கொடுக்கிறான். திரைக்கதை, வசனம் மட்டும் அல்ல. பாட்டு எழுதி மெட்டுப் போட்டவரும் ரேயே.

அந்தப் படத்தில் பேய்கள் ஆடும் நடனம் ஒன்று உண்டு. நான்கு வகைப் பேய்கள்: அரசர்கள், எளிய மக்கள், வெள்ளைக்காரர்கள், தொந்தி பெருத்தவர்கள். இவர்களுக்குப் பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தாளம் மட்டும்தான்.

என்ன வாத்தியம் தெரியுமா? மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங்! நம் கர்நாடக இசையின் தாள வாத்தியங்களே வங்காளத்துப் பேய்களை ஆட்டி வைத்தன. அரசப் பேய்க்குக் கம்பீரமான மிருதங்கம். தொந்திப் பேய்க்கு வேடிக்கையான மோர்சிங். சத்தத்தைக் கேட்டே ஆளைச் சொல்லி விடலாம்.

தமிழ்நாட்டுக் கலையோடு அவருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. 1935-ல், 14 வயதுச் சிறுவனாக, கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் பரத நாட்டியத்தைப் பார்த்தார். அந்த நினைவு அவரை விட்டுப் போகவில்லை. 41 ஆண்டு கழித்து, 1976-ல், தமிழ்நாடு அரசின் ஆதரவோடு "பாலா" என்ற பெயரில் அவரைப் பற்றி ஒரு செய்திப் படம் எடுத்தார். கடற்கரையில் காற்று வீச, அலை ஓசைக்கு முன்னால் பாலசரஸ்வதி ஆடும் காட்சி அதில் இருக்கிறது.

28 ஆண்டு கழித்து

புகழ் வந்த பிறகும் ரே எழுதுவதை நிறுத்தவில்லை. தாத்தாவின் "சந்தேஷ்" பத்திரிகையை 1961-ல் மீண்டும் தொடங்கினார். சிறுவர்களுக்குத் துப்பறியும் கதைகள் எழுதினார். சினிமாவைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகளும் எழுதினார்.

1992-ல் மருத்துவமனையில் படுத்து இருந்தபோது ஆஸ்கார் கவுரவப் பரிசு அவர் படுக்கையைத் தேடி வந்தது. அதே ஆண்டு பாரத ரத்னா பட்டமும் கிடைத்தது. ஏப்ரல் 23-ந் தேதி அவர் காலமானார்.

1976-ல் அவருடைய சினிமாக் கட்டுரைகள் "நம் படங்கள், அவர்கள் படங்கள்" என்று பொருள்படும் பெயரில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. 27 வயதில் எழுதினாரே, இந்தியப் படங்களின் கோளாறு பற்றிய கட்டுரை! அதையும் அதில் சேர்த்தார்.

இளமையில் குறை சொல்லி எழுதியதைப் பெரியவர் ஆன பிறகு பலர் மறைப்பார்கள். ரேக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. எழுதியதற்கு ஈடாக மனைவியின் நகையை வைத்தார். மூன்று ஆண்டு உழைப்பை வைத்தார். மாடு மேய்ந்த பூ மறுபடியும் பூக்கும் வரை காத்து இருந்தார்.

"இது சரி இல்லை" என்று சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது. சொன்ன வாய்க்குக் கையும் துணை வர வேண்டும். ரேக்கு அது வந்தது.